அடுப்படியில் அமர்ந்த மாணவர்கள்



சென்ற மாதம் உறவினர் வீட்டுப் பிள்ளையைக் காண்பதற்காக அவனுடைய உம்மாவுடன் அடி அண்ணாமலைக்குச் சென்றிருந்தோம். திருவண்ணாமலை நகரிலிருந்து பார்த்தால் மலையின் பின்புறம், பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இருக்கும் சிற்றூர் அது. நகரிலுள்ள கல்லூரியில் சேர்ந்த அவன், வாடகை குறைவு என்பதால் அவ்வூரில் ஓர் அறை எடுத்திருக்கிறான். வீட்டுக்கார மூதாட்டி சைவ உணவுக்காரர். இறைச்சி சமைக்கக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. முட்டைக்கு மட்டும், கேட்டபின், அனுமதி கிடைத்திருக்கிறது. அவரை ‘ஆயா’ என்று அழைத்து, அவரிடமே ரசம் வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான் நம் பிள்ளை.

அன்று அவன்தான் சமைத்தான். வெங்காயம் நறுக்கும்போது கத்தியைப் பிடித்த விதத்தில் இன்னும் பழக்கம் போதாது என்பது தெரிந்தது. ஆனால் உலை கொதிக்கும் ஓசையைக் கேட்டே அடுப்பைத் தணிக்கும் பக்குவம் வந்திருந்தது. நாம் மகிழ்ச்சியோடு பார்த்துக்கொண்டிருக்க, அவனுடைய உம்மாவோ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். “வீட்டில் ஒரு குவளைத் தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிக்காத பிள்ளை. அடுப்பூதுகிற நிலைக்கு வந்துவிட்டானே” என்றார். அந்தக் கண்ணீரில் பாசமும் இருந்தது, சிறிது அவமானமும் இருந்தது. ஆண்பிள்ளை அடுப்படியில் நிற்பது ஒரு தாழ்வு என்னும் எண்ணம் நம் வீடுகளில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது! இந்த எண்ணத்துக்கு வரலாற்றில் ஏதேனும் ஆதாரம் உண்டா என்று தேடிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

தேடலை அந்த மலையடிவாரத்திலேயே தொடங்கலாம். 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பதினாறு வயது மாணவர் ஒருவர் படிப்பை விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். வேங்கடராமன் என்ற அந்த மாணவரைத்தான் பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தது. அவருடைய சமயக் கொள்கை வேறு, நம்முடையது வேறு. அதை இங்கு நாம் விவாதிக்கப் போவதில்லை. ஆயினும் நம்மவர் ஒருவரின் பெயர் அவருடைய பள்ளிப் பருவத்தோடு சேர்ந்தே வருகிறது. மதுரையில் அவரோடு படித்து, அவரோடு கால்பந்து விளையாடிய தோழர் அப்துல் வஹாப். சாப் ஜான் என்பது அவருடைய செல்லப் பெயர். பிற்காலத்தில் காவல்துறையில் பணியாற்றிய அவர், திருவண்ணாமலைக்கு வந்து தம் பழைய விளையாட்டுத் தோழரைக் கண்டு சென்றார்.

நாம் சொல்ல வந்தது ரமணரின் அடுக்களையைப் பற்றி. 1916இல் அவருடைய தாயார் அழகம்மாள் மலைக்கு வந்து மகனோடு தங்கினார். அவர் வந்த பிறகே அங்கு முறையாக அடுப்பு எரியத் தொடங்கியது. 1922 மே மாதம் தாயார் மறைந்தார். அவரை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றி, மலையின் தென்புறத்தில், ஆசிரமம் வளர்ந்தது. அங்கு உண்போர் தொகை பெருகியபோது ரமணர் தாமே சமையற்கட்டில் இறங்கினார். பொழுது விடியுமுன் எழுந்து காய் நறுக்குவதும், துவையல் அரைப்பதும், குழம்பின் பதம் பார்ப்பதும் பல ஆண்டுகள் அவருடைய அன்றாடப் பணிகளாக இருந்தன.

அடுக்களையில் அவரோடு வேலை செய்தவர்கள் பெரும்பாலும் கணவரை இழந்த பெண்கள். சம்பூர்ணம்மாள், சாந்தம்மாள், சுப்புலட்சுமி அம்மாள் முதலியோரின் நினைவுக் குறிப்புகள் அச்சில் வந்துள்ளன. தம் வீடுகளில் சமைத்துப் பழகியவர்கள்தாம் அவர்கள். இருந்தும் ரமணரிடம் மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. கீழே சிதறிய அரிசியைக் குனிந்து பொறுக்கி எடுப்பார். பிறர் வீசி எறியும் கத்தரிக்காய்க் காம்பையும் சமைக்கச் சொல்வார். முதல் நாள் மிஞ்சியதை மறுநாள் காலையில் பயன்படுத்துவார். எல்லாவற்றுக்கும் மேலாக, பந்தியில் ஒருவருக்குக் கிடைக்காத பண்டம் தமக்கும் வேண்டாம் என்பார். தம் இலையில் மட்டும் சிறிது கூடுதலாக விழுந்துவிட்டால் பரிமாறியவரைக் கடிந்துகொள்வார். ஆயிரக்கணக்கானோர் தேடி வந்த ஒரு மனிதர் தம் மதிப்பு குறைந்துவிடும் என்று அடுப்படியை விட்டு விலகி நிற்கவில்லை. அவருடைய கொள்கையை ஏற்காதவரும் மறுக்க முடியாத செய்தி இது.

இனி நம் பக்கத்து வரலாறு. துருக்கியின் கோன்யா நகரில் 1273இல் மறைந்த மௌலானா ஜலாலுத்தீன் ரூமி (ரஹ்) அவர்களின் வழியில் உருவானது மவ்லவிய்யா தரீக்கா. (நம் ஊரில் மார்க்கக் கல்வி முடித்த ஆலிமை ‘மவ்லவி’ என்கிறோமே, அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) சுழன்று சுழன்று திக்ரு செய்யும் வெள்ளை அங்கிக்காரர்களாகவே நம்மில் பலரும் அவர்களை அறிந்திருக்கிறோம். அவர்களுடைய கல்வி தொடங்கிய இடம் எது என்று கேட்டால் பதில் வியப்பூட்டும். அது சமையற்கட்டு.

தர்வேஷாக விரும்பி வரும் இளைஞன், அடுக்களையின் வாசலுக்கு அருகே விரிக்கப்பட்ட ஆட்டுத்தோலில் மூன்று நாள் மண்டியிட்டு அமர்ந்திருக்க வேண்டும். வேலை செய்ய அனுமதி இல்லை, வீண் பேச்சும் கூடாது. மற்றவர்கள் ஓடியாடி உழைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டுமே அவன் பணி. மூன்று நாளுக்குப் பிறகும் மனம் மாறாமல் இருந்தால், தான் அணிந்து வந்த உடையிலேயே பதினெட்டு நாள் எடுபிடி வேலை. அதன் பிறகே ஆயிரத்தொரு நாள் பயிற்சி. இடையில் அதை முறித்தவன் மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த ஆயிரத்தொரு நாளில் பதினெட்டு வகைப் பணிகள் இருந்தன. சந்தைக்குச் சென்று பொருள் வாங்குவது, பாத்திரம் துலக்குவது, ஷர்பத் கலக்குவது, காப்பி காய்ச்சுவது, சுப்ரா விரிப்பது, விளக்கேற்றுவது என்று பட்டியல் நீள்கிறது. கழிவறையைத் தூய்மை செய்வதும் அதில் அடங்கும். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் பாஷாவின் மகனுக்கும் அதில் விலக்கு இல்லை. சுழல் நடையையும் அந்த அடுக்களையிலேயே, ஆணி அடித்த மரப்பலகையின் மேல், ஆணியைக் கால் விரலிடையே பற்றிக்கொண்டு பழகினார்கள். இளைஞர்களின் பயிற்சிக்குப் பொறுப்பாளராக இருந்தவருக்கு ‘ஆஷ்ஜி தெதெ’, அதாவது சமையற்காரப் பெரியவர், என்றே பட்டம். தகுதியற்றவன் என்று முடிவானால் யாரும் அவனைத் திட்டி விரட்ட மாட்டார்கள். வாசலில் கிடக்கும் அவனுடைய காலணிகளை வெளிப்புறம் நோக்கித் திருப்பி வைத்துவிடுவார்கள். பார்த்தவன் புரிந்துகொண்டு சொல்லாமல் போய்விடுவான். பிள்ளைகளைக் கண்டிக்க நாம் எவ்வளவு சொற்களைச் செலவிடுகிறோம் என்பது இதைப் படித்தபோது நம் நினைவுக்கு வந்தது.

ரூமியின் காலத்துச் சமையற்காரர் ஒருவரின் அடக்கத்தலம் கோன்யாவின் மெராம் பகுதியில் இன்றும் இருக்கிறது. ஆதெஷ்பாஸ் வலீ என்று அழைக்கப்படும் அவர் 1285இல் மறைந்தார். ‘நெருப்போடு விளையாடுபவர்’ என்பது அப்பெயரின் பொருள். விறகு தீர்ந்துபோனபோது தம் கால்களையே அடுப்பில் வைத்தார் என்பது மக்கள் வழக்கில் உள்ள கதை. அதைக் கதையாகவே கொள்வோம். ஆனால் ஒரு சமையற்காரருக்குக் கல்லறை மாடம் எழுப்பிப் போற்றியது கதையன்று. துருக்கிக் குடியரசு 1925இல் தரீக்கா மடங்களை மூடியதோடு அந்த அடுக்களைப் பள்ளியும் முடிவுக்கு வந்தது.

இதற்கெல்லாம் மூலம் எங்கே என்று தேடினால் மதீனாவுக்குத்தான் போக வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழச் செல்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்ததாக புகாரியில் வருகிறது. அகழ்ப்போரின் போது ஜாபிர் (ரலி) அவர்களின் வீட்டில் சிறிதளவு வாற்கோதுமை மாவும் ஒரு குட்டி ஆடும் மட்டுமே இருந்தன. தாம் வரும் வரை அடுப்பிலிருந்து சட்டியை இறக்க வேண்டாம், ரொட்டி சுடத் தொடங்க வேண்டாம் என்று நபியவர்கள் சொல்லி அனுப்பினார்கள். பசியால் வாடிய தோழர்களை அழைத்து வந்து, ரொட்டியைப் பிட்டு, அதன் மேல் இறைச்சியை வைத்துத் தம் கையாலேயே பரிமாறினார்கள். இன்னொரு நபிமொழியும் உண்டு. உணவைச் சமைத்துக் கொண்டுவரும் பணியாளைத் தம்மோடு அமர்த்தி உண்ணச் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஓரிரு கவளமாவது கொடுங்கள், ஏனெனில் அடுப்பின் வெப்பத்தைத் தாங்கியவர் அவரே என்பது அதன் கருத்து. நம் வீடுகளில் அந்த வெப்பத்தைத் தாங்கும் உம்மாமார், எல்லோரும் உண்டு எழுந்தபின் அடிச்சட்டியில் இருப்பதை உண்பதை நாம் எத்தனை ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்!

அப்பாசியர் காலத்துப் பக்தாதில் சமையல், கற்றவர்கள் எழுதும் பொருளாகவே ஆகிவிட்டது. கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் சகோதரர் இளவரசர் இப்ராஹீம் இப்னுல் மஹ்தீ சமையல் நூல் எழுதியவர். பத்தாம் நூற்றாண்டில் இப்னு சய்யார் அல்வர்ராக் பெரியதொரு தொகுப்பைச் செய்தார். 1226இல் முஹம்மத் அல்பக்தாதீ எழுதிய நூல், சமையற்காரர் நகத்தை வெட்டியிருக்க வேண்டும், பாத்திரத்தைச் செங்கற்பொடியால் தேய்க்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறது. இந்நூல்களுக்கு எல்லாம் ‘கிதாபுத் தபீக்’ என்று ஒரே பெயர்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊர்களில் நிக்காஹ் விருந்துக்குத் தேக்சா ஏற்றுபவர் யார்? பண்டாரி, ஓர் ஆண். அவர் ‘தம்’ திறக்கும் வரை ஊர்ப் பெரியவர்கள் காத்திருக்கிறார்கள். ரமழானில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுபவர்களும் ஆண்களே. ஊருக்குச் சமைத்தால் பெருமை, தன் வீட்டாருக்குச் சமைத்தால் இழிவு! இந்தக் கணக்கு நமக்கு இன்றுவரை விளங்கவில்லை.

திருவண்ணாமலை வட்டாரத்தின் வரலாற்றிலேயே சோற்றின் அருமையைச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது. 1767 செப்டம்பரில் ஹைதர் அலியின் படையோடு செங்கத்தில் மோதிய கர்னல் ஜோசப் ஸ்மித், களத்தில் தோற்கவில்லை. ஆனால் மைசூர்க் குதிரைப்படை அவருடைய அரிசி மூட்டைகளைக் கொள்ளையிட்டுவிட்டது. பசித்த படையை நடத்திக்கொண்டு அவர் திருவண்ணாமலைக்கு வர நேர்ந்தது. துப்பாக்கி கையில் இருந்தும் உலையில் போட ஒன்றும் இல்லை.

அடி அண்ணாமலை அறைக்குத் திரும்புவோம். சோறும் ரசமும் ஆனபின் பிள்ளை ஒரு வேண்டுகோள் வைத்தான். தம்மடை செய்யக் கற்றுத்தர வேண்டுமாம். ரவை, முட்டை, சர்க்கரை, நெய், ஏலக்காய் எல்லாம் முன்னமே வாங்கி வைத்திருந்தான். நம் கடற்கரை ஊர்களில் மின் அடுப்பு வருவதற்கு வெகுகாலம் முன்பே, சட்டிக்குக் கீழேயும் மூடியின் மேலேயும் தணலிட்டு நம் பாட்டிமார் கேக்கு சுட்டார்களே, அதுதான் தம்மடை. முன்பு ஒரு முறை தானாகவே முயன்றிருக்கிறான். எரிவாயு அடுப்பில் அடிப்பக்கம் கருகி, மேற்பக்கம் களியாக நின்றுவிட்டதாம்.

உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “மேலே நெருப்பு வைக்காமல் எப்படியடா வேகும்?” என்றார். மாவு குழையும் பதத்தைக் கையால் காட்டினார். ஆனால் கரண்டியை அவனிடமிருந்து வாங்கவில்லை. கொட்டாங்குச்சிகளைக் கொளுத்தித் தணலாக்கிக் கொடுத்தவர் ஆயா. முட்டை சேர்ந்த பண்டம் என்பதால் தாம் உண்ண மாட்டேன் என்றவர், வெந்துவிட்டதா என்று பார்க்க எல்லோருக்கும் முன்னால் குனிந்தவரும் அவரே. ஓரம் சற்றே தடித்துப்போயிருந்தது. நடுப்பகுதி பொன்னிறமாக எழும்பியிருந்தது.

உண்ண அமர்ந்தோம். பிள்ளை பரிமாறிக்கொண்டே இருந்தான். எல்லோர் தட்டிலும் சோறு விழுந்தபின்னும் அவனுடைய உம்மா கை வைக்கவில்லை. “நீயும் வந்து உட்காருடா. நீ பிஸ்மி சொல்லித் தொடங்கு” என்றார். அவன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அமர்ந்தான்.