மக்கள் மாளிகையின் அரங்கு

லண்டன் மாநகரின் வடபால், குன்றொன்றின்மீது அலெக்ஸாண்ட்ரா மாளிகை நிற்கின்றது. ‘மக்கள் மாளிகை’ என்பது அதன் சிறப்புப் பெயர். 1873-இல் திறக்கப்பெற்ற 16 நாள்களில் அது தீக்கிரையாயிற்று. 1875-இல் மீண்டும் எழுந்தபோது நாடக அரங்கு ஒன்றும் அதனுள் அமைந்தது. 1900-ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டம் மாளிகையைப் பொதுமக்களின் பயனுக்கே உரியதாக்கிற்று. 1936-இல் பி.பி.சி. இங்கிருந்து தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. நாடக அரங்கோ காட்சிப்பொருள்களின் கிடங்காகச் சுருங்கிற்று. 1980-இல் மூண்ட பெருந்தீ பெருமண்டபத்தை அழித்தது, அரங்கு தப்பியது.

ஏறத்தாழ 80 ஆண்டுகள் மக்கள் காணாதிருந்த அவ்வரங்கு 2018 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பெற்றது. செப்பனிட்டோர் தரையைச் சமப்படுத்திக் கட்டடத்தை வலுப்படுத்தினர். ஆனால் புதுவண்ணம் பூசி அதன் முதுமையை மறைக்கவில்லை. உதிர்ந்த காரையும் மங்கிய வண்ணமும் மேலும் சிதையாவண்ணம் காத்து, கண்ட கோலத்திலேயே விடுத்தனர்.

நெடுங்காலம் வரலாறு கற்பித்த எனக்கு இதுவே நேரிய முறையெனத் தோன்றுகின்றது. வடுக்களை மறைத்த சுவர் அழகாயிருக்கலாம், நிகழ்ந்ததை உரைக்காது. ஆயினும் சுவரைக் காப்பது பாதிப் பணியே. சட்டம் மக்களுக்கென அளித்த இடத்தில் மக்கள் மீண்டும் வந்தமர்ந்த அன்றுதான் திருப்பணி நிறைவெய்தியது.