மாகாளிக் கிழங்கும் மாறிக்கொண்டே இருந்த கணக்கும்



கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியையும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் எதிர்பார்ப்பீர்கள். இன்று இரண்டும் இல்லை. ஒரு கிழங்கைப் பற்றி எழுதுகிறேன்.

மாகாளிக் கிழங்கு. மோரில் ஊறப்போட்ட அந்த ஊறுகாயின் வாசம் சிலருக்கு அமிர்தம், சிலருக்கு மூட்டைப்பூச்சி. (எங்கள் வீட்டில் இரண்டு கட்சியும் உண்டு.) கொல்லிமலை, சேர்வராயன், ஜவ்வாது மலைகளின் பாறைச் சரிவுகளில் படரும் கொடி அது. 1834-இல் வைட், ஆர்னட் என்ற இருவர் அதற்கு டெகாலெபிஸ் ஹாமில்டோனி என்று பெயர் வைத்தார்கள். தென்னிந்தியாவைத் தாண்டி அது இயற்கையாக வளர்வதில்லை.

அப்படியானால் இந்தியாவுக்கு மட்டுமே சொந்தமான தாவரப் பேரினங்கள் எத்தனை? இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகளாக ஒரே பதில் கிடைத்ததில்லை.

ஜோசப் ஹூக்கர் 1872 முதல் 1897 வரை ஏழு தொகுதிகளில் 'பிரிட்டிஷ் இந்தியாவின் தாவரங்கள்' நூலை வெளியிட்டார். அவருடைய இந்தியாவில் பர்மாவும் இலங்கையும் மலாய் தீபகற்பமும் அடக்கம். அவ்வளவு பெரிய நிலத்தைப் பார்த்துவிட்டு 1904-இல் அவர் சொன்னது, இந்தியாவுக்கென்று தனித் தாவர உலகமே கிடையாது என்பதுதான். இங்கு மட்டும் காணப்படும் பேரினங்கள் அவ்வளவு குறைவாக இருந்தன. காரணத்தைப் பூகோள வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கும். கோண்டுவானாவிலிருந்து பிரிந்த நம் நிலம் ஆசியாவோடு வந்து ஒட்டிக்கொண்டது. கிழக்கே மலாய்ப் பக்கமிருந்தும் மேற்கே அரேபியா, ஆப்பிரிக்கா பக்கமிருந்தும் செடிகள் வந்து கலந்தன. ஒட்டாமல் தீவாகவே நின்ற மடகாஸ்கரில் அதற்கே உரிய பேரினங்கள் 300-க்கு மேல்.

1937-இல் பர்மா தனியாகப் பிரிந்தது. 1940-இல் சாட்டர்ஜி என்ற தாவரவியலாளர் இந்தியாவையும் பர்மாவையும் சேர்த்துக் கணக்கெடுத்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட பேரினங்கள் தேறின. 2011-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஆய்வாளர்கள் இன்றைய இந்தியாவுக்குச் சரிபார்த்தபோது மிஞ்சியவை 49.

செடிகள் அழிந்து எண்ணிக்கை குறையவில்லை. எல்லைக்கோடு மாறியது. சில பேரினங்கள் அண்டை நாடுகளிலும் கண்டுபிடிக்கப்பட்டன. சில, வேறு பேரினங்களோடு இணைக்கப்பட்டன. நம் மாகாளியே சாட்சி. அகத்தியமலையில் ஒரு செடியைக் கண்டு, தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் நினைவாக 1978-இல் 'ஜானகியா' என்று தனிப் பேரினம் ஆக்கினார்கள். ஆனைமலையில் 'உட்லேரியா', நீலகிரியில் 'பேயோலெபிஸ்' ஏற்கெனவே இருந்தன. பின்னர் மூன்றும் மாகாளியின் பேரினமான டெகாலெபிஸில் சேர்க்கப்பட்டன. மேகாலயா முதல் சீனா வரை வளரும் இன்னொரு கொடியும் அதில் சேர்ந்ததும், டெகாலெபிஸுக்கும் 'இந்தியாவுக்கு மட்டும்' என்ற பெருமை போய்விட்டது. ஜானகி அம்மாளின் பெயர் போனதில்தான் எனக்கு வருத்தம்.

மிஞ்சிய பேரினங்களில் பல மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில்தான். துண்டு துண்டாக நிற்கும் நம் கிழக்கு மலைகளை அறிஞர்கள் அதிகம் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர் திருச்சி தூய வளனார் கல்லூரி ராபினெட் ஹெர்பேரியத்தின் பாதிரியார் கே.எம். மேத்யூ. கொல்லிமலை உள்ளிட்ட பகுதிகளின் செடிகளைச் சேகரித்து 1981 முதல் 1988 வரை தொகுதி தொகுதியாக வெளியிட்டார். இன்றும் அதைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பேரினக் கணக்கு எப்படி மாறினாலும், மாகாளி என்ற அந்தச் சிற்றினம் இன்றும் தென்னிந்தியாவில் மட்டும்தான். கிழங்கைத் தோண்டினால் கொடியே போய்விடும். ஊறுகாய்க்கும், நன்னாரிக்குப் பதிலாக சர்பத்துக்கும் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். மலைமேல் காடும் சாமையும் இருந்த இடங்களில் ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி வந்துவிட்டது. பழைய மரங்கள் நிற்பது பெரும்பாலும் கோயில் காடுகளில்.

செம்மேடு, சோளக்காடு பக்கம் இருக்கும் என் மாணவர்கள், உங்கள் ஊர்க் கோயில் காட்டில் மாகாளிக் கொடி இன்னும் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். இலையைப் படம் எடுத்தால் போதும், கிழங்கைத் தோண்டிப் பார்க்க வேண்டாம்.