ஷனேலின் கணக்குப் புத்தகம்

கோகோ ஷனேலின் காதல்களைக் கிசுகிசுவாக எழுதுபவர்களே அதிகம். நான் அவற்றைக் கணக்குப் புத்தகமாகத்தான் வாசிக்கிறேன்.

1895இல் தாய் இறந்ததும், ஊர் ஊராகப் போய் வியாபாரம் செய்த தந்தை, மகள்களை ஒபசீன் மடத்து அனாதை இல்லத்தில் விட்டுவிட்டுப் போனார். ஷனேலுக்கு அப்போது 11 வயது. அங்கே கற்ற தையல்தான் அவருக்குக் கிடைத்த சீதனம்.

1910இல் பாரிஸின் காம்போன் தெருவில் தொப்பிக்கடை திறந்தது ஆங்கிலேயக் காதலர் பாய் கேப்பலின் பணத்தில். அதைப் பின்னாளில் திருப்பிக் கொடுத்துவிட்டார். கேப்பலோ 1918இல் பிரபு குடும்பத்துப் பெண்ணை மணந்தார். மறுவருடம் கார் விபத்தில் இறந்தார்.

யாருக்கும் கடன்படாத அந்த வீம்பு எனக்குப் பிடிக்கும். ஆனா கதை அங்கேயே முடியலையே! ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜெர்மன் அதிகாரி டின்க்லாகேயுடன் உறவு. போர்க்கைதியான அக்கா மகனை மீட்கத்தான் ஜெர்மானியரை நெருங்கினார் என்று பரிந்து பேசுவோர் உண்டு. இருக்கட்டும். 1941இல், யூதர்களான வெர்தைமர் சகோதரர்களிடமிருந்து வாசனைத் திரவிய நிறுவனத்தைப் பறிக்க நாஜிச் சட்டத்தையே நாடினாரே? அவர்கள் முன்கூட்டியே ஃபெலிக்ஸ் அமியோவின் பெயருக்கு மாற்றியிருந்ததால் அது பலிக்கவில்லை.

அந்த வரவை எந்த உறவின் பேரில் எழுதுவது?