வழியில் கிடைத்த சோறு: பாபநாசம் பக்கத்திலிருந்து ஓர் ஓட்டல் சாப்பாட்டின் வரலாறு

இந்த எபிசோடில் நாம் போகிற ஊர் பாபநாசம். கமல்ஹாசன் படம் ஞாபகத்துக்கு வந்தால், அது திருநெல்வேலிச் சீமையில் இருக்கிற பாபநாசம். நான் சொல்வது தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டி, வயல்களுக்கு மத்தியில் இருக்கிற பாபநாசம்.

வெளியூர் கிளம்பினால் நாம முதல்ல கேட்கிற கேள்வி, "அங்க சாப்பாடு எங்க நல்லா இருக்கும்?" கையில் காசு இருந்தால் போதும், எந்த ஓட்டலிலும் போய் உட்காரலாம் என்பது நமக்குச் சந்தேகமே இல்லாத விஷயம். நூறு வருஷத்துக்கு முன்னால் இதே ஊர்ப் பக்கம் பயணம் போனவருக்கு அது அவ்வளவு சுலபம் கிடையாது. என்ன வேணும் என்று கேட்பதற்கு முன்னால், "நீங்க யாரு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி இலையை விட்டு எப்படி விலகியது என்பதுதான் இன்றைய கதை.

ராஜா போட்ட வெற்றிலை

பாபநாசத்துக்குப் பக்கத்தில் உத்தமதானபுரம் என்று ஒரு கிராமம். உ.வே.சாமிநாதையரின் சொந்த ஊர். அவருடைய 'என் சரித்திரம்' ஆரம்பிப்பதே ஒரு பயணச் சாப்பாட்டுக் கதையோடுதான். தஞ்சாவூர் ராஜா ஒருவர் பரிவாரத்தோடு அந்த வழியாக வந்து தங்குகிறார். சாப்பிட்டுவிட்டுத் தாம்பூலம் போட்டுக்கொள்கிறார். அதுக்கப்புறம்தான் தெரிகிறது, அன்றைக்கு ஏகாதசி. ஏகாதசியில் தாம்பூலம் போடுவதில்லை என்பது அவருடைய விரதம். பரிகாரமாக அந்த இடத்திலேயே வீடுகள் கட்டி, நிலத்தோடு பிராமணர்களுக்குத் தானம் செய்கிறார். அப்படி உண்டானதுதான் அந்த ஊர்.

இது வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த கதை. அப்படியே நடந்ததா என்பது வேறு விஷயம். ஆனால் எதை, எப்போது, யாரோடு சாப்பிடுகிறோம் என்பது ஓர் ஊரையே உண்டாக்குகிற அளவுக்குப் பெரிய காரியமாக இருந்தது என்பதை இதை விட நன்றாகச் சொல்ல முடியாது.

இந்தப் பக்கத்தில் சோற்றுக்குப் பஞ்சம் இல்லை. பாபநாசம் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. வட்டமான கட்டடம், 36 அடி உயரம். 3,000 கலம் நெல் பிடிக்கும் என்பார்கள். நெல் ஏராளம். அதைச் சமைத்து, யாரை எங்கே உட்காரவைத்துப் பரிமாறுவது என்பதில்தான் சிக்கல்.

நள்ளிரவு மணி

ஓட்டலுக்கு முந்திய காலத்தில் வழிப்போக்கருக்குச் சோறு போட்டவை சத்திரங்கள். தஞ்சை மராட்டிய அரச குடும்பம் ராமேஸ்வரம் போகிற யாத்திரைப் பாதையில் வரிசையாகச் சத்திரங்கள் கட்டியது. 1799-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தஞ்சாவூர் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. சத்திரங்களை மட்டும் தன்னிடமே விட்டுவிடும்படி கேட்டார் சரபோஜி மன்னர். 1801-ல் அவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அது கிட்டத்தட்ட ஒரு சாப்பாட்டு ஆவணம்.

வருகிற எல்லோருக்கும், பிராமணர் முதல் பறையர் வரை, சோறு உண்டு. நள்ளிரவு வரைக்கும் பந்தி நடக்கும். பிறகு மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கூவிக் கேட்டு, வந்தவர்களுக்கு மிச்சச் சோற்றையும் போட்டுவிடுவார்கள். சமைத்த சோறு வேண்டாம் என்பவருக்கு அரிசியும் சாமானுமாகக் கொடுத்துவிடுவார்கள்.

அந்தக் கடைசி வரியை மட்டும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பசியோடு வந்த ஒருவர் கொதிக்கிற சோற்றை விட்டுவிட்டு ஏன் அரிசியை வாங்க வேண்டும்? சமைத்த கை யாருடையது என்ற கவலை. தருமத்தில் யாரையும் விலக்கவில்லை. ஆனாலும் ஒரே அடுப்பு எல்லோருக்கும் ஒத்துவரவில்லை.

ரயில் வந்தது, தடுப்பும் வந்தது

நாகப்பட்டினம்–தஞ்சாவூர் ரயில் 1861-ல் ஓட ஆரம்பித்தது. பின்னால் மாயவரம், கும்பகோணம், பாபநாசம் வழியாகப் பாதை வந்து, அதுவே சென்னைக்குப் போகிற மெயின் லைன் ஆனது. சத்திரத்தில் ராத்திரி தங்கிச் சாப்பிட்ட ஆள், இப்போது வண்டி நிற்கிற சில நிமிஷத்தில் சாப்பிட வேண்டும். டிக்கெட் வாங்கிய எல்லாரும் ஒரே பெட்டியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஸ்டேஷன் சாப்பாட்டு அறைக்குப் போனால் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம்.

ஊருக்குள் காபி கிளப்புகள் முளைத்தன. வாசலில் 'பிராமணாள்' என்று போர்டு. இதில் ஒரு வியாபாரக் கணக்கும் இருந்தது. பிராமணர் சமைத்தால் எந்தச் சாதிக்காரரும் சாப்பிடுவார் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. அதனால் அந்த போர்டு ஒரே சமயத்தில் விளம்பரமாகவும் வேலியாகவும் இருந்தது. உள்ளே பல இடங்களில் தடுப்பு வைத்துத் தனிப் பந்தி. அந்த நெல்லை நட்டு, அறுத்து, அடித்துக் கொடுத்த தலித் கூலிக்காரருக்கு உள்ளே இடமே கிடையாது.

பெரியாரும் சுயமரியாதை இயக்கமும் இதை விடாமல் எதிர்த்தார்கள். 1941-ல் ரயில்வே சாப்பாட்டு அறைகளில் அந்தப் பிரிவினை எடுக்கப்பட்டது. 1950-ல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 15-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். சாதி, மதத்தைச் சொல்லி யாரையும் கடைகளிலும் பொது உணவகங்களிலும் ஓட்டல்களிலும் தடுக்கக் கூடாது என்கிறது. ஒரு தேசத்தின் அடிப்படைச் சட்டத்தில் ஓட்டலைப் பேர் சொல்லி எழுத வேண்டியிருந்தது! தீண்டாமையைக் குற்றமாக்கித் தண்டனை வகுத்த சட்டம் 1955-ல் வந்தது.

போர்டு மட்டும் இன்னும் சில வருஷம் தொங்கியது. 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஓட்டலின் வாசலில் பெரியார் கட்சிக்காரர்கள் மறியல் தொடங்கினார்கள். கோரிக்கை ஒன்றுதான்: பெயர்ப்பலகையில் இருக்கிற 'பிராமணாள்' என்ற சொல்லை எடுங்கள். மாதக் கணக்கில் நடந்தது, நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். கடைசியில் அந்தச் சொல் போனது.

பாபநாசத்தில் ஒரு டிபன்

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு காலையில் பாபநாசத்தில் இறங்கினேன். பஸ் போகிற ரோட்டிலேயே ஒரு சின்ன ஓட்டல். இட்லிக்கு என்ன இருக்கு என்று கேட்டால், "கடப்பா இருக்கு, போடவா?" என்றார் பரிமாறுகிறவர். கும்பகோணம் பக்கத்துச் சரக்கு இது. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வெந்து, தேங்காய், சோம்பு அரைத்துவிட்டு, குருமாவுக்கும் சாம்பாருக்கும் நடுவில் ஒரு ருசி. இட்லி அதில் முங்கிவிட்டது. பிறகு டபராவில் ஒரு காபி.

என் மேஜையில் மூன்று பேர். வயலுக்கு மருந்து வாங்க வந்தவர், பரீட்சைக்குப் போகிற ஒரு பெண், கோயில் சுற்றிப் பார்க்க வந்த ஒரு தாத்தா. தாத்தா கடப்பா வாளியை அந்தப் பெண் பக்கம் நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் ஊத்திக்கோம்மா" என்றார். யாரும் யாரையும் எந்த ஊர், என்ன ஆளுங்க என்று கேட்கவில்லை. ருசி நாக்கில் இருக்கிறது. ஆனால் எனக்கு மறக்காதது அந்த வாளி நகர்ந்ததுதான். அது நகர்வதற்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

கதை முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தனி டம்ளர் வைக்கிற டீக்கடைகளைப் பற்றி இன்றும் செய்தி வருகிறது. சட்டம் கதவைத் திறந்துவிடும். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட வேண்டியவர்கள் நாம்தான்.

கேட்டுக்கொண்டிருக்கிற உங்களுக்கு ஒரு சின்ன வேலை. வீட்டில் இருக்கிற பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேளுங்கள்: முதல் தடவையாக ஓர் ஓட்டலுக்குள் போய் உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது, எந்த ஊரில்? என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். எங்கே உட்காரவைத்தார்கள் என்றும் கேளுங்கள். அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.