கப்பலைவிட்டு இறங்கிய கருவி



1968-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவிலே, சந்திரனைச் சுற்றிக்கொண்டிருந்த அப்பல்லோ 8 விண்கலத்திலிருந்து மூன்று மனிதர் ஆதியாகமத்தின் தொடக்க வசனங்களை உலகத்துக்கு வாசித்தார்கள். இதை நம்மில் பலர் அறிவோம். அதே பயணத்தில், அவர்கள் பூமிக்குத் திரும்பி வருகையில் நேர்ந்த வேறொரு சம்பவம் அவ்வளவாக அறியப்படவில்லை. இந்த வாரம் அதையும், அதன் பின்னால் இருக்கும் ஒரு பழைய கப்பற்கருவியின் வரலாற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அந்த மூவரில் ஒருவரான ஜேம்ஸ் லவல், விண்மீன்களைப் பார்த்து வழியறியும் பொறுப்பைப் பெற்றிருந்தார். திரும்பும் வழியில், ஒரு விண்மீனின் எண்ணைக் கணினியில் தட்டவேண்டிய இடத்தில் அவர் தவறுதலாக ஒரு நிரலின் எண்ணைத் தட்டிவிட்டார். கலம் இன்னும் ஏவுதளத்திலேயே நிற்கிறது என்று கணினி எண்ணிக்கொண்டது. கலம் எத்திசையை நோக்கியிருக்கிறது என்பதற்கான பதிவு அழிந்துபோயிற்று. திசை தெரியாத கலத்தைச் சரியான கோணத்தில் பூமியின் வளிமண்டலத்துக்குள் கொண்டுவர இயலாது. லவல் பதறவில்லை. கலத்தை மெல்லத் திருப்பி, ரைகல், சிரியஸ் என்னும் இரண்டு விண்மீன்களைப் பார்வைக்குள் கொண்டுவந்தார். அவற்றைக் கொண்டு திசையைக் கணித்துக் கணினிக்கு மீண்டும் கற்பித்தார். அவர் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் பயின்றவர். விண்மீனைக் குறிவைப்பதற்கென்று அந்தக் கலத்தில் பொருத்தப்பட்டிருந்த கருவியின் பெயரும் கடலிலிருந்து வந்ததே: செக்ஸ்டன்ட்.

வட்டத்தின் ஆறில் ஒரு பங்கு என்பதே அப்பெயரின் பொருள். 1731-இல் இங்கிலாந்தில் ஜான் ஹேட்லி என்பவர் இரண்டு கண்ணாடிகள் கொண்ட ஒரு கோணமானியை அறிமுகப்படுத்தினார். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், கண்ணாடி பதிக்கும் தொழிலாளியான தாமஸ் காட்ஃப்ரே என்பவரும் தனியே அதே வழியைக் கண்டடைந்திருந்தார். அக்கருவியின் சிறப்பு மிக எளியது. சூரியனின் அல்லது விண்மீனின் பிம்பத்தைக் கண்ணாடிகள் கீழே இறக்கி, தொடுவானக் கோட்டின்மேல் கொண்டுவந்து நிறுத்துகின்றன. கப்பல் ஆடினாலும் பிம்பமும் தொடுவானமும் சேர்ந்தே ஆடுகின்றன. அவற்றின் உறவு மாறுவதில்லை. ஆகவே அலைமோதும் தளத்தில் நின்றுகொண்டும் ஒருவன் துல்லியமாக அளக்க முடிந்தது. பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரை அளந்துவிட்டால், பூமியின்மேல் அது ஒரு கடல்மைல் அளவேயான வேறுபாடு.

நண்பகல் சூரியனின் உயரத்தைக் கொண்டு வடக்கு தெற்கு நிலையை அறிந்துகொள்ளலாம். கிழக்கு மேற்கு நிலையை அறிவதே கடினமாயிருந்தது. அதற்கு நேரம் தெரியவேண்டும். நம்பத்தக்க கடிகாரம் கப்பல்களில் இல்லாத அந்நாளில், வானத்தையே கடிகாரமாக்கும் ஒரு முறை வளர்ந்தது. சந்திரன் விண்மீன்களுக்கிடையே மணிக்கு ஏறத்தாழ அரைப் பாகை நகருகிறது. சந்திரனுக்கும் ஒரு விண்மீனுக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் நேரத்தைக் கணக்கிடலாம். இந்த இடைவெளி தொண்ணூறு பாகைக்கு மேலும் போகக்கூடும் என்பதால், ஜான் காம்ப்பெல் என்ற கடற்படை அதிகாரிக்காக 1757-இல் ஹேட்லியின் கருவி பெரிதாக்கப்பட்டது. அறுபது பாகை வில்லைக் கொண்டு நூற்றிருபது பாகை வரை அளக்கும் செக்ஸ்டன்ட் இவ்வாறு பிறந்தது. 1767-ஆம் ஆண்டுக்கென நெவில் மாஸ்கலின் வெளியிடத் தொடங்கிய கடற்பஞ்சாங்கம், அந்தச் சந்திர இடைவெளிகளை முன்கூட்டியே கணித்துக் கொடுத்தது.

இந்த முறை கடினமானது. அளவில் சிறு பிழை நேர்ந்தாலும் நெடுங்கோட்டில் அது முப்பது மடங்காகப் பெருகும். ஜான் ஹாரிசன் வழிகாட்டிய கடற்கடிகாரங்கள் மலிந்தபோது மாலுமிகள் சந்திரக் கணக்கைக் கைவிட்டார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாங்கமும் அந்த அட்டவணைகளை விட்டுவிட்டது. எந்தத் தேவைக்காகச் செக்ஸ்டன்ட் பெரிதாக்கப்பட்டதோ, அந்தத் தேவை மறைந்தது. கருவியோ வேறு வேலைகளில் நிலைத்தது.

பின்பு அது கப்பலைவிட்டு இறங்கி வானத்தில் ஏறியது. 1922-இல் போர்ச்சுகல் நாட்டின் கடற்படை அதிகாரி காகோ கூட்டின்யோ, சக்கதூரா கப்ரால் என்ற விமானியோடு லிஸ்பனிலிருந்து ரியோ டி ஜெனிரோவுக்குத் தென் அட்லாண்டிக் கடலைக் கடக்கப் புறப்பட்டார். உயரத்தில் பறக்கையில் கடலின் தொடுவானம் தெளிவாய்த் தெரிவதில்லை. ஆகவே அவர் செக்ஸ்டன்ட்டோடு ஒரு நீர்மட்டக் குமிழியை இணைத்து, கருவிக்குள்ளேயே ஒரு செயற்கைத் தொடுவானத்தை ஏற்படுத்திக்கொண்டார். நடுக்கடலில் செயின்ட் பீட்டர், செயின்ட் பால் என்னும் சின்னஞ்சிறு பாறைகளை அவர்கள் கண்டடைந்தாக வேண்டும். தவறினால் எரிபொருள் தீர்ந்துவிடும். கண்டடைந்தார்கள். இறங்குகையில் அவர்களுடைய விமானம் சேதமடைந்து மூழ்கியது. ஆனால் கணக்கு பிழைக்கவில்லை. வேறு விமானங்களைக் கொண்டு அவர்கள் பயணத்தை முடித்தார்கள்.

அதன்பின் விண்வெளி. 1966 நவம்பரில் ஜெமினி 12 கலம் மற்றொரு கலத்தோடு இணையவேண்டிய வேளையில் அதன் ரேடார் செயலிழந்தது. பஸ் ஆல்ட்ரின் செக்ஸ்டன்ட்டையும் காகித வரைபடங்களையும் கொண்டு வழியைக் கணித்தார். அப்பல்லோ கலங்களுக்கென மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வகம் இருபத்தெட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் செக்ஸ்டன்ட்டை உருவாக்கியது. பூமியிலிருந்து ரேடியோ மூலம் கிடைக்கும் அளவே முதன்மையான வழிகாட்டியாயிருந்தது. அது அறுந்துபோனால் உதவும்படி இந்தக் கருவி வைக்கப்பட்டது. விண்மீனுக்கும் சந்திரனின் விளிம்புக்கும், அல்லது பூமியின் விளிம்புக்கும் உள்ள கோணத்தை அதனால் அளந்தார்கள். சற்று நின்று யோசியுங்கள்: மாலுமிகள் செத்துப்போனதென்று விட்டுவிட்ட சந்திர இடைவெளிக் கணக்கின் நெருங்கிய உறவினரல்லவா இது?

கணினியில் முப்பத்தேழு விண்மீன்கள் பதியப்பட்டிருந்தன. அவற்றில் மூன்றுக்கு நாவி, டினோசஸ், ரீகோர் என்ற விநோதமான பெயர்கள் இருந்தன. கிரிஸம், ஒயிட், சாஃபி என்னும் மூன்று வீரர்களின் பெயர்ப்பகுதிகளைத் தலைகீழாக்கி விளையாட்டாய் இடப்பட்டவை அவை. 1967 ஜனவரி 27 அன்று, ஏவுதளத்தில் நடந்த சோதனையின்போது ஏற்பட்ட தீயில் அந்த மூவரும் மாண்டார்கள். பெயர்கள் அழிக்கப்படாமல் நிலைத்தன. பின்னால் போனவர்கள் அந்த விண்மீன்களையும் கொண்டு வழி தேடினார்கள்.

1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 கலத்தின் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது, அதில் தலைவராயிருந்தவரும் அதே லவல்தான். சிதறிய துகள்கள் கலத்தைச் சூழ்ந்து சூரிய ஒளியில் மின்னின. எது விண்மீன், எது துகள் என்று பிரித்தறிய முடியவில்லை. அந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அப்போஸ்தலருடைய நடபடிகள் 27-ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. பவுலை ஏற்றிச்சென்ற கப்பலில் அநேக நாள் சூரியனும் காணப்படவில்லை, நட்சத்திரங்களும் காணப்படவில்லை. அந்த மாலுமிகள் கைவசமிருந்த மிகப் பழைய கருவியை எடுத்தார்கள்: கயிற்றில் கட்டிய எடைக்கட்டியைக் கடலில் இறக்கி ஆழம் பார்த்தார்கள். கரை நெருங்குகிறதென்று அதனால் அறிந்தார்கள். அப்பல்லோ 13-இல் இருந்தவர்களோ துகள்களால் மறைக்க முடியாத ஒரே ஒளியாகிய சூரியனை நோக்கிக் கலத்தின் தொலைநோக்கியைத் திருப்பி, தங்கள் திசை சரியென்று உறுதிசெய்துகொண்டார்கள். இரு கப்பல்களிலும் இருந்தவர்கள் உயிரோடு தப்பினார்கள்.

இதற்குப் பின்பும் மனிதர் மறந்தார்கள். 1995-இல் ஜிபிஎஸ் முழுமையாகச் செயல்படத் தொடங்கியது. விரலால் தொட்டால் இடம் தெரிகிறது, விண்மீன் எதற்கு? லவல் படித்த அதே கடற்படைக் கல்லூரி, 1998-இல் வானத்தைப் பார்த்து வழியறியும் பாடத்தை நிறுத்தியது. செக்ஸ்டன்ட்கள் அலமாரிக்குப் போயின. அநேக வீடுகளில் அவை கூடத்து அலங்காரப் பொருளாயின. ஆயினும் செயற்கைக்கோள்களின் குறிப்பொலி மிக மெல்லியது. பகைவன் அதை அடக்கலாம், பொய்யான குறிப்பொலியையும் அனுப்பலாம். இதை உணர்ந்து, 2015-இல் அந்தக் கல்லூரி பாடத்தை மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளிலும் வணிகக் கப்பல் அதிகாரிகளின் பயிற்சியில் அது விடப்படாமலிருந்தது. 2018-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஜெர்மானிய வீரர் அலெக்சாண்டர் கெர்ஸ்ட், கையில் பிடிக்கும் செக்ஸ்டன்ட் ஒன்றைச் சோதித்துப் பார்த்தார். எதிர்காலத்தில் தொலைதூரம் செல்லும் கலங்களில் தொடர்பு அறுந்தால் வீடு திரும்ப அது உதவுமா என்பதே கேள்வி.

பிரியமானவர்களே, பழையது அனைத்தும் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. கடற்கடிகாரம் வந்தபோது சந்திரக் கணக்கை விட்டது அறிவுடைமையே. ஜிபிஎஸ் அநேக உயிர்களைக் காக்கிறது. ஆனாலும் இந்த வரலாற்றில் இரண்டு காரியங்கள் என் மனதில் நிற்கின்றன. முதலாவது, செக்ஸ்டன்ட் மீண்டும் மீண்டும் பயன்பட்டதற்குக் காரணம், அது சார்ந்திருந்த ஒளி பழமையடையவில்லை. கப்பல் மாறியது, விமானம் மாறியது, கலம் மாறியது. சிரியஸ் தன் இடத்திலிருந்தது. இரண்டாவது, கருவியைப் பெட்டியில் வைத்துக் காப்பது எளிது. அதைப் பிடிக்கத் தெரிந்த கையைக் காப்பதே கடினம். கற்பிக்கத் தெரிந்தவர் எவரும் மிஞ்சியிராவிட்டால், பாடத்தை மீண்டும் தொடங்குவது எப்படி?

நம் சபையிலும் பணி ஓய்வு பெற்ற பின்பு, இனி நான் எதற்குப் பயன்படுவேன் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கணக்கெழுதத் தெரிந்தவர்கள், நோயாளியின் அருகில் அமைதியாய் அமரத் தெரிந்தவர்கள், துக்க வீட்டில் எதைச் சொல்லாமல் இருக்கவேண்டும் என்று அறிந்தவர்கள். அவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து மரியாதை செய்கிறோம். ஆனால் அவர்களிடம் கற்றுக்கொள்கிறோமா? மரியாதை மட்டுமே செய்தால், கூடத்து அலமாரியில் துடைத்துவைத்த செக்ஸ்டன்ட்டுக்குச் செய்வதையே அவர்களுக்கும் செய்கிறோம்.

இந்த வாரம் வாலிபர் ஒவ்வொருவரும் ஒரு மூத்தவரிடம் போய், அவருக்குத் தெரிந்த ஒன்றைக் கற்றுத்தரும்படி கேளுங்கள். மூத்தவர்களே, நீங்களும் கேட்கப்படும்வரை காத்திராதேயுங்கள். அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் நாம் கூடும்போது, என்ன கற்றீர்கள் என்று உங்களிடம் கேட்பேன்.

கர்த்தருக்குள் உங்கள் போதகர்