அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்

ஆய்வுக் கட்டுரைகளில் வாக்கியத்தின் முடிவில் அடைப்புக்குறிக்குள் ஒரு பெயரும் ஓர் ஆண்டும் வரும். பெரும்பாலும் கண் அங்கே நிற்பதில்லை. ஆனால் ஒரு கருத்து யாருடையது என்பதைக் கல்வியுலகம் முடிவுசெய்யும் இடம் அதுதான். அங்கே பெண்ணின் பெயர் எப்படி விடுபடுகிறது என்பதற்கு, அறிவியலில் புகழ் யாருக்குச் சேர்கிறது என்று ஆராய்ந்த கட்டுரையே சான்றாகிவிட்டது.

1968இல் ‘சயின்ஸ்’ இதழில் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் ‘மத்தேயு விளைவு’ பற்றி எழுதினார். இருவர் ஒரே அளவு உழைத்தாலும் ஏற்கெனவே பெயர் பெற்றவருக்கே பாராட்டு போய்ச்சேரும் என்பது அதன் சாரம். உள்ளவருக்கே மேலும் கொடுக்கப்படும் என்னும் மத்தேயு நற்செய்தியின் கருத்திலிருந்து வந்த பெயர் அது.

கட்டுரைக்கு உயிர்கொடுத்தவை நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானிகளின் நேர்காணல்கள். அவர்களைச் சந்தித்துப் பேசியவர் ஹேரியட் ஸக்கர்மன். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தமது முனைவர் பட்ட ஆய்வுக்காக அவர் செய்த வேலை அது. மெர்ட்டன் அதை மறைக்கவில்லை. அடிக்குறிப்புகளில் ஸக்கர்மன் இருக்கிறார். தலைப்பின் கீழே மட்டும் இல்லை.

சிக்கல் அங்கேதான். அடுத்து எழுதுபவர் தலைப்பின் கீழுள்ள பெயரைத்தான் எடுத்து அடைப்புக்குறிக்குள் இடுவார். அடிக்குறிப்பு கூடவே பயணம் செய்வதில்லை. கட்டுரை கூட்டாக வெளிவந்திருக்க வேண்டும் என்று 1973இல் மெர்ட்டனே ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலும் ஓர் அடிக்குறிப்பாகவே நின்றது. மேற்கோள்களில் இன்றும் நாம் காண்பது (மெர்ட்டன், 1968) தான்.

1993இல் வரலாற்றாய்வாளர் மார்கரெட் ராசிட்டர், பெண்களின் ஆய்வுப் பங்களிப்பு இப்படி மறைக்கப்படுவதற்கு ‘மடில்டா விளைவு’ என்று பெயரிட்டார். பெண்களின் கண்டுபிடிப்புகளைப் பற்றி 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிய பெண்ணுரிமைப் போராளி மடில்டா ஜோஸ்லின் கேஜின் நினைவாக வைத்த பெயர் அது. பெயரில்லாத அநீதியைச் சுட்டிக்காட்டுவது கடினம்; அதற்கு இனி ஒரு பெயர் உண்டு.

அச்சான கட்டுரையின் ஆசிரியர் பெயரை நாம் மாற்ற முடியாது. ஆனால் அடைப்புக்குறிக்கு முன்னால் வரும் வாக்கியம் நம்முடையது. “ஸக்கர்மன் எடுத்த நேர்காணல்களைக் கொண்டு மெர்ட்டன் காட்டியது” என்று எழுத எந்த விதியும் தடையில்லை. அதற்கு முதலில், மூலக் கட்டுரையை எடுத்து அதன் அடிக்குறிப்புகளையும் படிக்க வேண்டும். பெண்கள் பலர் அங்கேதான் இருக்கிறார்கள்.