சங்கிலியும் பணியாளரும்: ஏர்வாடி முதல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வரை

முன்னுரை

காப்பகங்களில் தங்கி வாழ்வோரின் வாழ்க்கைத்தரத்தை அங்குள்ள பணியாளர் நிலையிலிருந்து பிரித்து மதிப்பிட இயலாது. இத்தொடர்பை இந்தியச் சட்டம் எவ்வாறு ஏற்றது என்பதை இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி நிகழ்வை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

ஏர்வாடி: 2001

மனநோய் நீங்கும் என்னும் நம்பிக்கையுடன் பல குடும்பங்கள் நாடிவரும் தலம் ஏர்வாடி தர்கா. நெடுநாள் உடன் தங்க இயலாத உறவினர், நோயுற்றோரைச் சுற்றுவட்டாரத் தனியார் காப்பகங்களில் விட்டுச் சென்றனர். 2001 ஆகஸ்டு 6 விடியற்காலையில் அத்தகைய காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர்.

1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. எனினும் அக்காப்பகங்கள் உரிமமின்றியே இயங்கின. நிகழ்வுக்குப் பின் அவை மூடப்பட்டு, அங்கிருந்த 500க்கும் மேற்பட்டோர் அரசுப் பராமரிப்புக்கு மாற்றப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை ஏற்று, மனநல நிறுவனங்களின் தேவையை மாநிலங்கள் கணக்கிட வேண்டுமென 2002இல் பணித்தது.

இவ்விடத்தில் சங்கிலியின் பயன்பாட்டைக் கூர்ந்து நோக்க வேண்டியுள்ளது. இரவுக் காவலர், செவிலியர், உடனிருப்போர் ஆகியோர் செய்ய வேண்டிய பணியைச் சங்கிலி செய்தது. செலவில்லாத அந்த மாற்று, தீ மூண்ட பொழுதில் எவரையும் விடுவிக்கும் ஆற்றலற்றதாயிற்று.

சட்டத்தின் மறுமொழி

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் (2007) 19ஆம் பிரிவில், மாவட்டத்துக்கு ஒன்றேனும் என்ற அளவில் தொடங்கி, குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கத்தக்க இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. தங்குவோர் எண்ணிக்கையைக் குறிக்கும் அப்பிரிவு, பணியாளர் எண்ணிக்கையைக் குறிக்கவில்லை. தரம், சேவை குறித்த வரையறையை மாநிலத் திட்டத்திடம் விடுகிறது.

மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017) மேலும் ஒரு படி செல்கிறது. 20ஆம் பிரிவு தூய்மையான சூழல், தனிமை, ஓய்வு, பொழுதுபோக்கு ஆகியவற்றை உரிமைகளாக்குகிறது. 95ஆம் பிரிவு சங்கிலியிடுவதை முற்றாகத் தடைசெய்கிறது. பணியாளர் பற்றாக்குறையை மட்டும் காரணங்காட்டி ஒருவரைக் கட்டுப்படுத்தலாகாது என்கிறது 97ஆம் பிரிவு. ஏர்வாடி உணர்த்திய காரண காரியத் தொடர்பு இவ்வாறு சட்டமொழியில் இடம்பெற்றது.

மதிப்பீட்டு அளவுகோல்

உலக நலவாழ்வு நிறுவனத்தின் வாழ்க்கைத்தர அளவுகோல் உருவாக்கத்தில் சென்னையும் ஒரு களமையமாக இருந்தது. அதன் 26 வினாக்கள் கொண்ட சுருக்க வடிவம் உடல், உளம், சமூக உறவு, சூழல் ஆகிய நான்கு புலங்களைத் தங்கியிருப்பவரின் சொந்த உணர்விலிருந்து அளக்கிறது. பணியாளர் பதிவேடு இக்கேள்விகளுக்கு விடை தராது; பதிவேட்டில் பத்துப் பேர் இருந்தும் இரவில் ஒருவர் மட்டுமே பணியிலிருக்கக் கூடும்.

முடிவுரை

ஆகவே காப்பக ஆய்வுகள் மொத்தப் பணியாளர் விகிதத்தோடு நில்லாமல், பணிமுறைவாரியாக, சிறப்பாக இரவுப்பொழுதில், உடனிருப்போரைக் கணக்கிட வேண்டும். தங்கியிருப்போரின் வாக்குமூலத்தை அதனோடு இணைத்து நோக்கவும் வேண்டும். ஏர்வாடியில் தீ மூண்டது விடியற்காலையில் என்பதே இக்கருத்துக்குத் தக்க சான்றாகும்.